மரியாதை தெரியாத டிரைவர்

"இந்த மிளகா பத்தாதுங்க. அவன் பண்ணுன காரியத்துக்கு இன்னொரு கிலோ போட்டு அரைக்கோணும்."

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழந்தையம்மாள் பொருமினாள். அநியாயம் செய்தவனுக்கு எதிராக மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டால் போதும், மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். அந்த மிச்சத்தில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று குழந்தையம்மாள் குழவியை வேகவேகமாகச் சுற்றினாள்.

பக்கத்துக் கல்லில் சூலூர்க்காரி ஒருத்தி அரைத்துக்கொண்டிருந்தாள். முத்தாத்தாள் என்று பெயர். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்குங்க்கா அரைக்கறீங்க?"

"ஒரு வேன் டிரைவருக்கு, அம்மணி. ராசப்பன்னு பேரு. அவங்கப்பன் எங்க தோட்டத்துல தேங்கா உரிச்சவன். இவன் எங்க ஊட்டுக்காரரு சட்டையப் புடிச்சு இழுத்துப்போட்டான்!"

"அய்யோ. எதுக்குங்க?"

இந்தக் கேள்விக்குக் குழந்தையம்மாள் ஒரு மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொள்ளாச்சியில் அதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆனாலும் அவளுக்கு அலுக்கவில்லை.

"போன மாசம் கன்னியாகுமரிப் பக்கம் டூர் போனோமுங்க. ஒரு கடக்கரைல எறங்கி நின்னுட்டிருந்தோம். அப்பப் பாத்து கடல் தண்ணி கடகடன்னு உள்ள போயிருச்சு. பாறை, மீனு, சிப்பி எல்லாம் வெளிய தெரியுது. கோடையில ஆழியாறு டேம்ல தண்ணி எறங்குனா நாம உள்ள போய்ப் பாக்கறதில்லையா? அந்த மாதிரித்தான் நாங்களும் போனோம். என் பொண்ணு ரித்திகா போன்ல வீடியோ எடுத்துட்டிருந்தா. இந்த ராசப்பன் எங்கிருந்தோ ஓடி வந்தான் பாரு, 'ஏய், ஓடு! மேட்டுக்கு ஓடு!'ங்கறான். யாரப் பாத்து? எங்க ஊட்டுக்காரரப் பாத்து!"

"கடலப் பத்தி அவருக்கு என்னங்க தெரியும்?"

"அவன் பொண்ணு கட்டுனது அந்தப் பக்கமாமா. மாமனாரு மீன் புடிக்கறவராமா. கடல் உள்ள போனா அலையாத் திரும்பி வருமாமா. வேடிக்கை பாக்கக் கூடாதாமா, சாமானையெல்லாம் உட்டுப்போட்டு ஒசரமான எடத்துக்கு ஓடோணுமாமா. சுனாமியே அப்படித்தான் வந்துச்சாமா. ஏன் அம்மணி, டேம்ல எறங்குன தண்ணி என்னைக்காச்சும் திரும்பி வந்து நம்மளத் தொரத்தியிருக்குதா?"

குழந்தையம்மாளுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"அவரு நவுரலைன்னதும் சட்டையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போறான். பட்டன் ரெண்டு தெறிச்சிருச்சு. பொண்ணு கையில இருந்த போனத் தட்டியுட்டான். பை, செருப்பு எல்லாம் அங்கயே போச்சு. எங்கள வேன்ல அடைச்சு மேட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, 'ஒரு அலையோட முடியாது, அடுத்தடுத்து வரும், கீழ போயிராதீங்க'ன்னு பாடம் எடுக்கறான். 'வாய மூடீட்டு ஊருக்கு வண்டியத் திருப்புடா'ன்னுட்டாரு எங்க ஊட்டுக்காரரு."

"அப்ப அலை..."

"ஒரு அலையும் வரல. ஒண்ணும் வரல."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"எங்க பாக்கறது? அதுக்குள்ளதான் எங்கள வேன்ல தூக்கிப் போட்டுட்டு வந்துட்டானே! ஓனர்கிட்டச் சொல்லியாச்சு, அவன வேலைய உட்டு நிறுத்தோணும்னு. நாளைக்குப் பதில் சொல்றேன்னிருக்காரு. அந்த வேலைய நம்பித்தான் குடும்பமே இருக்குதுன்னு அவன் சம்சாரம் வந்து அழுகறா. அழுகட்டும். மரியாதை தெரியாதவனுக்கு எதுக்கு வேலை?"

இரண்டு சட்டைப் பட்டனுக்கு ஒரு குடும்பத்தின் சோறு! கேட்ட அம்மனுக்கே காது கூசியிருக்கும்.

முத்தாத்தாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகாய் நெடி என்று குழந்தையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"பாறை மேல பழைய சர்ச் இருக்கற கடக்கரைங்களாக்கா? ஞாயித்துக்கெழமை மத்தியானம்?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"நாங்களும் அங்கதான் நின்னுட்டிருந்தோமுங்க. அலை வந்துச்சுங்க்கா. சுனாமி இல்லீங்களாமா, கள்ளக்கடல்னு சொன்னாங்க. காத்து இல்ல, மழை இல்ல, திடுதிப்புன்னு ஏறி வந்துருச்சு. என் பொண்ணு லோகப்பிரியா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இன்னும் கண்ணு முழிக்காமக் கெடக்கறா."

குழந்தையம்மாளின் கை குழவியோடு நின்றுவிட்டது. தன் மகள் ரித்திகா இந்நேரம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

"உங்களுக்கு... யாருமே சொல்லலியா அம்மணி?"

"உங்க டிரைவர்தானுங்க சொன்னாரு. மொதல்ல எங்ககிட்டத்தான் ஓடி வந்தாரு. 'ஐயா, அம்மா, தயவு பண்ணி மேல வாங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. 'நீ எனக்குப் புத்தி சொல்றயா'ன்னு எங்க ஊட்டுக்காரரு அவர் கன்னத்துல ஒண்ணு உட்டாரு. அதுக்கப்பறந்தான் உங்ககிட்ட ஓடி வந்தாரு."

குழந்தையம்மாள் குழவியிலிருந்து கையை எடுத்தாள். முத்தாத்தாளே தொடர்ந்தாள்.

"அந்த டிரைவருக்குக் கரிநாக்காமா. அவரு சொன்னதாலதான் அலை வந்துச்சாமா. அவருக்கு மிளகா அரைச்சுப் பூசுன்னு என்னைக் கூட்டியாந்துபோட்டு எங்க ஊட்டுக்காரரு வெளிய நிக்கறாரு."

முத்தாத்தாள் அரைத்த மிளகாயை இரண்டு கையாலும் வழித்தெடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் அரைச்சது எங்க ஊட்டுக்காரருக்குங்க்கா."