காலிக் கட்டம்

“எம் புருசன் கரையிலதான் இருக்குது. எவ வூட்டுலன்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி.”

லாஸ்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இப்படியொரு கேள்வியோடு அதுவரை யாரும் வந்ததில்லை. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சின்னப்பாப்பா, தன் செல்ஃபோனை வெற்றிச்செல்வனின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஃபோனில் இருந்தது வெற்றிச்செல்வன் எழுதிய ஆப். கடலுக்குப் போன படகு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம். படகு எண்ணைப் போட்டால் ‘கடலில்’ என்றோ ‘கரையில்’ என்றோ வரும். அவள் புருஷன் கண்ணையனின் படகுக்கு நேரே, பச்சை எழுத்தில் ‘கரையில்’ என்று இருந்தது.

பக்கத்து மேஜைகளில் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? இந்த ஆப் வந்த பிறகு எந்தப் புருஷனும் தப்ப முடியாது போலிருக்கிறதே என்று பின் மேஜை ஜானகிராமன் முணுமுணுத்தான். வெற்றிச்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு ஒரு டீ சொன்னான்.

அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று கண்ணையன் சனிக்கிழமை விடியலில் தனியாகத்தான் போனான். எட்டு மணிக்குப் பார்த்தபோது ‘கடலில்’ என்று இருந்தது, பத்து மணிக்குப் பார்த்தால் ‘கரையில்’ என்று மாறியிருந்தது. சோறு வடித்துவைத்துக் காத்திருந்தாள். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை, ஃபோனும் அணைந்து கிடந்தது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

போன வருஷமும் இதே கூத்துதானாம். கனகசெட்டிக்குளத்தில் படகை ஏற்றிவிட்டு, செல்வாம்பாள் என்பவள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் வந்தான். நேற்று அங்கேயும் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தாள். அங்கே அவனும் இல்லை, படகும் இல்லை. அப்படியென்றால் வேறு எங்கோ புதிதாக ஒருத்தியைப் பிடித்துவிட்டான் என்பது அவள் முடிவு.

“அது துணிமணியெல்லாம் மூட்ட கட்டித் தெருவுல எறிஞ்சிட்டேன். எடம் மட்டும் தெரிஞ்சா, இந்தத் தாலியையும் கயட்டி மூஞ்சில வுட்டுட்டு வந்துடுவேன்.”

அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று நாளாக அழுவதற்கே நேரமில்லாத கோபம் அது.

கூட வேலை செய்யும் சிந்துஜா மெல்ல எட்டிப் பார்த்து, ஆப் சரியாகத்தான் காட்டுகிறதா என்று கேட்டாள். வெற்றிச்செல்வனுக்குச் சுருக்கென்றது. இவளுக்கு இதே வேலை.

படகில் இருக்கும் கருவி அரை மணிக்கு ஒரு தடவை சேதி அனுப்பும். கரை ஏறியதும் பேட்டரி வீணாகக் கூடாதென்று மீனவர்கள் அதை அணைத்துவிடுவார்கள். அப்போது சர்வர் தரும் பதிலில் படகின் நிலையைச் சொல்லும் கட்டம் காலியாக வரும். தொழிலில் அதை ‘நல்’ (null) என்பார்கள். ஆரம்பத்தில், காலிக் கட்டத்தைக் கண்டாலே ஆப் பொத்தென்று மூடிக்கொண்டது. ஆப்பின் திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவன்தான் உட்கார்ந்து ஒரே வரியில் அதைச் சரிசெய்தான். ‘தகவல் இல்லை’ என்று காட்டலாமே என்று அன்றைக்கும் சிந்துஜா நச்சரித்தாள். பெரிய மனிதர்கள் பார்க்கிற திரையில் அது அசிங்கமாக இருக்கும் என்று அவள் வாயை அடைத்துவிட்டான். அதற்கப்புறம் ஆப் ஒருநாளும் மூடிக்கொண்டதில்லை.

“ஒக்காருங்கக்கா. எந்தக் கரையில ஏறுனாருன்னு இப்பவே பாத்துடலாம்” என்றான். கருவி அனுப்புவதை அப்படியே சேர்த்துவைக்கும் பதிவைத் திறந்தான்.

சனிக்கிழமை, எட்டரை: கடலில். ஒன்பது: கடலில், கரையிலிருந்து இருபது கிலோமீட்டர். ஒன்பதரை: காலி. பத்து: காலி.

கீழே இழுத்தான். ஞாயிறு முழுக்கக் காலி, திங்கள் முழுக்கக் காலி, இன்று காலை வரைக்கும் காலி. கரைக்கு வந்துவிட்டதாக அந்தப் படகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காலியைக் கண்ட இடத்திலெல்லாம் ‘கரையில்’ என்று எழுதி அவள் ஃபோனுக்கு அனுப்பியது அவனுடைய அந்த ஒரு வரிதான்.

வெற்றிச்செல்வன் நாட்களை எண்ணிப் பார்த்தான். படகில் ஒரு குடம் தண்ணீர் இருந்திருக்கும், அதற்கு மேல் இருந்திருக்காது. ஆனாலும் கடலோர ஊர்க்காரர்கள் ஒரு ஆளைக் காணோம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் இல்லை. ஃபோனை நம்பியா அவர்கள் இத்தனை காலம் கடலுக்குப் போனார்கள்? இந்நேரம் எப்படியும் தேடிப் பிடித்திருப்பார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

“ஊர்ல யாரும் தேடிப் போவலியாக்கா?” என்று கேட்டான்.

சின்னப்பாப்பா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு கிளாஸை மேஜை மேல் வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“சனிக்கெழம மத்தியானமே நாலு படகு கெளம்புச்சி தம்பி. நான்தான் இந்தப் போனக் காட்டி, போவ வாணான்னுட்டேன்.”