நாற்பத்தேழாம் பக்கம்

"நகராட்சி நூலகத்துல ஊரோட பழைய ஆவணங்களை ஆயிரம் பக்கம் ஸ்கேன் பண்ணி வலைத்தளத்துல போட்டிருக்காங்க. பாடம் நடத்த உங்களுக்கு இந்த ஒரு பக்கம்தான் கெடச்சுதா, டீச்சர்?"

தலைமையாசிரியர் குரலை உயர்த்தவில்லை. இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யார் முகமும் கோணாமல் நடந்துகொள்பவர். பழைய பாலத்தின் படங்கள் இருக்கின்றன, வெள்ளம் வந்த ஆண்டின் கடிதங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளலாமே என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். பழையதைக் கிளறினால் பள்ளியின் பெயர்தான் கெடும் என்றார்.

வரலாற்று டீச்சர் அசையவில்லை. "இந்தப் பக்கம்தான் சார் வேணும்."

"நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

"நான்தான் சார் சொல்லணும்."

அது இதே பள்ளியின் தண்டனைப் பதிவேடு, நாற்பத்தேழாம் பக்கம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆய்வகத்து நுண்ணோக்கியைத் திருடியதாகப் பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட விவரம், ஏழே வரியில். பெயர்களையெல்லாம் நூலகத்தார் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார்கள். 'அவள் அதைப் பையில் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன்' என்று வகுப்புத் தலைவி சாட்சி சொன்னதாக மட்டும் இருந்தது.

அந்தப் பக்கத்தின் நகலை டீச்சர், தான் வகுப்பு ஆசிரியையாக இருந்த வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தார். இதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று கண்டுபிடியுங்கள், ஒரு வாரம் தருகிறேன் என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகள் கணினி அறையே கதி என்று கிடந்தார்கள். எதையும் மூக்கு இடிக்கப் படிப்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வாங்கிய மாணவிதான் ஐந்தாம் நாள் பிடித்தாள். அதே வலைத்தளத்தில் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடும் இருந்தது. திருட்டு நடந்ததாகச் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்பே நுண்ணோக்கி பழுதுபார்க்கப் போயிருந்தது. அடுத்த மாதம் திரும்பியும் வந்திருந்தது. அந்தப் பெண்ணைத்தான் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

வகுப்பு கொதித்தது. தன் அக்காவுக்கு இப்படி நடந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன் என்றான் ஒருவன். பள்ளியிலேயே இல்லாத பொருளைப் பையில் வைத்ததை எப்படிப் பார்க்க முடியும் என்று கேட்டான் இன்னொருவன்.

"அந்தச் சாட்சி வாய் கூசாம பொய் சொல்லியிருக்கு, டீச்சர்" என்றாள் பூதக்கண்ணாடி. "அதையும் எழுதலாமா?"

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "எழுதுங்க. மழுப்பாம எழுதுங்க."

அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் தயாரானது. முப்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். கடைசியில் 'வகுப்பு ஆசிரியை' என்று எழுதி, மேலே இடம் விட்டு டீச்சரிடம் நீட்டினார்கள்.

டீச்சர் ஒரு முறை முழுதாகப் படித்தார். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. பேனாவைத் திறந்து, 'வகுப்பு ஆசிரியை' என்பதை மட்டும் அடித்துவிட்டு, 'அன்றைய வகுப்புத் தலைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.