மாடிக்குப் போக ஹெல்மெட்

நாமக்கல் வானத்தில் செயற்கைச் சூரியனைத் தொங்கவிட்ட பிறகு, ஊரில் தினமும் இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாய்ந்தது. பகல் நீண்டதும் காக்காய்களுக்கு உடம்பில் ஹார்மோன் ஊறி, அவை வருஷம் பூராவும் கூடு கட்டி முட்டை போட்டன. கூட்டுப் பக்கம் போகிறவர்களைத் தலையிலேயே கொத்தின. ஹெல்மெட் இல்லாமல் யாரும் மாடி ஏறுவதில்லை.

அன்று அர்த்தநாரியின் அப்பாவுக்குத் திவசம். காக்காய் சோறு எடுத்தால்தான் கீழே பந்தி. அவன் ஹெல்மெட்டோடு மாடியில் நின்று அரைமணி நேரமாக "கா, கா" என்று கத்தினான். எதிர் வேம்பில் இருந்த காக்காய் கூட்டைவிட்டு அசையவில்லை.

"ஏண்டா கண்ணு, உன்னவிட எங்க வவுறு சத்தமா கத்துது!" என்றார் கீழேயிருந்து சித்தப்பா.

மனைவி பூங்கொடி படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தச் சட்டியக் கழட்டுங்க. மாமாவுக்கு மகன அடையாளந் தெரிய வேண்டாமா?"

"கொத்திப்போடும் புள்ள!"

"உசுரோட இருந்தப்ப மட்டும் கொஞ்சுனாரா?"

கழற்றினான். காக்காய் பறந்து வந்து உச்சந்தலையில் நங்கென்று இரண்டு போட்டது. பிறகு சாவகாசமாக உட்கார்ந்து சோற்றைத் தின்றது.

"அதே எடம் புள்ள," என்றான் அர்த்தநாரி, தலையைத் தடவிக்கொண்டு. கண் கலங்கியிருந்தது. "கணக்குல மார்க் கொறஞ்சா அப்பா இங்கதான் குட்டுவாரு."

மறுநாளும் வெறுந்தலையோடு மாடிக்குக் கிளம்பினான். துணி காயப்போடப் போவதாகச் சொன்னான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் ஒரு கைக்குட்டையைக்கூடக் காயப்போட்டதில்லை.