கையுறை போடாதவள்

பனி உருகியதும் நார்வேயின் ரிசோர் படகுத்துறையில் எல்லாப் படகுகளுக்கும் வேலை தொடங்கியிருந்தது. பித்தளைச் சாமான்களைத் துலக்கித் தர வந்த சிக்ருனிடம், தன் படகின் மணியைக் காட்டினார் ஹோகன்.

"பாரு, என் பொண்டாட்டி பண்ணின வேலையை."

மணியின் நடுவில், வார்னிஷுக்கு அடியில், கறுத்துப்போன ஒரு கட்டைவிரல் ரேகை.

சிக்ருன் சிரித்தாள். "துலக்கின பித்தளையை வெறுங்கையால தொட்டுட்டு, அதுக்கு மேலயே வார்னிஷ் அடிச்சிருக்காங்க. கைவேர்வை பட்ட இடம் உள்ளயே கறுத்துப்போச்சு."

"கையுறை போடுடின்னா கேட்டாத்தானே. அழிக்கவும் விடமாட்டா. 'படகுல பாதி என்னுது, அதான் கைநாட்டு வச்சிருக்கேன்'ம்பா. வருஷா வருஷம் இதுக்கு ஒரு சண்டை."

"இந்த வருஷம் சண்டை வேண்டாம். பழைய வார்னிஷை எடுத்துட்டுத் தேய்ச்சா, இருந்த இடம் தெரியாது."

அவள் துணியை எடுத்ததும், ஹோகன் கையுறை போட்ட கையால் மணியை மூடிக்கொண்டார்.

"மத்ததையெல்லாம் தேய். இதுல மட்டும் கை வைக்காதே. மேல இன்னொரு பூச்சு கனமா அடி. உப்புக்காத்து உள்ள போகக் கூடாது."

"ஏன், அழிச்சா அவங்க கோவிச்சுக்குவாங்களா?"

"கோவிச்சுக்க அவ இருந்திருந்தா, நானே அழிச்சிருப்பேன்."