பேர் சொல்லாதவர்

அந்த ஆள் இன்றைக்கும் வந்துவிட்டான்.

வாசனையை வைத்தே வீரமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள் மேல் அடிக்கும் ஈர மண்ணும் பச்சைக் கிழங்கும் கலந்த வாசனை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கச்சேரி. இசைக்குழுவில் நாலு பேர். நாலு பேருக்கும் பார்வை கிடையாது. கண் தெரிந்தவன் வேன் ஓட்டுகிற முனியன் ஒருவன்தான். பஸ் ஏற வருகிறவர்கள் உண்டியலில் போடுவதுதான் வேனுக்கு டீசல், மூன்று வீட்டுக்கு அரிசி. போன மாதம் டோலக் கிழிந்தபோது புதுத் தோல் போட்டதும் அதில்தான்.

வீரமுத்துவின் மனைவி மலர்விழி மைக்கைப் பிடித்துப் பாடத் தொடங்கினாள்.

மற்றவர்கள் பாட்டுக்குக் கீபோர்டிலிருந்தே தாளம் வந்துவிடும். மலர்விழி பாடினால் மட்டும் வீரமுத்து டோலக்கை மடியில் எடுத்து, இன்னொரு மைக்கை அதன் பக்கம் திருப்பிக்கொள்வான். அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று மெஷினுக்குத் தெரியாது.

இரண்டு மாதமாக இந்த ஆள் வருகிறான். அவள் பாடும்போது வருவான். பாட்டு முடிந்ததும் போய்விடுவான். ராத்திரி உண்டியலைத் திறக்கும்போது முனியன் சொல்வான்: "அந்த அண்ணன் இன்னிக்கும் நூறு ரூபா. அக்கா பாட்டுன்னா போதும், எங்கருந்தாலும் வந்துடறாரு."

கொஞ்ச நாளாக மலர்விழி பாத்திரம் கழுவும்போதே பாடிப் பழகுகிறாள். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் இல்லாத பழக்கம்.

ஒரு நாள் மைக்கிலேயே கேட்டாள், "நூறு ரூபா குடுக்கிற அண்ணன் பேரு இன்னான்னு சொல்லுங்கண்ணே, நன்றி சொல்லணும்" என்று. அவன் பேசவில்லை. பேரைச் சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன என்று வீரமுத்து அன்று முழுக்க யோசித்தான்.

இன்று காலை வேனில் ஏறும்போது அவள் முனியனிடம் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

"இந்தப் பொடவ இன்னா கலரு முனியா? எனக்கு நல்லா இருக்குதா?"

வீரமுத்துவுக்குக் கலர் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அப்புறம் யாருக்காகக் கலர் கேட்கிறாள்?

ஆள் எப்படி இருப்பான், என்ன வயசு என்று முனியனை விசாரித்திருக்கலாம். விசாரித்தால் மனசில் கிடப்பது வெளியே வந்துவிடும்.

சரணம் வந்தது. மலர்விழியின் குரல் குழைந்தது. இந்தக் குழைவு வீட்டில் ஒரு நாளும் வந்ததில்லை.

வாசனை நெருங்கியது. வீரமுத்துவின் முழங்கால் ஓரமாக வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒரு கை உரசி அமர்ந்தது.

வீரமுத்து வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையை எட்டிப் பிடித்தான். காய்த்துப் போன, பெரிய கை.

"யாருய்யா நீ? தெனம் வந்து எம் பொண்டாட்டி பாட்ட மட்டும் கேட்டுக்கினு போற. வாயத் தொறந்து பேரச் சொல்லுய்யா!"

தாளம் இல்லாமல் பாட்டு இரண்டு அடி தள்ளாடி நின்றது. கீபோர்டும் நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் கூடுகிற சத்தம் கேட்டது.

அந்த ஆளின் தொண்டையிலிருந்து வந்தது பேச்சு இல்லை. "ஆ... ஆ..." என்று ஒரு சத்தம் மட்டும்.

டீக்கடையிலிருந்து முனியன் ஓடி வந்தான்.

"வுடுண்ணே! வுடு! அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. ஸ்பீக்கர் மேல கைய வச்சிக்கினு உன் டோலக்கு அதிர்றதப் பாக்கத்தான் வராரு. அக்கா பாட்டுக்குத்தான நீ வாசிக்கிற, அதான் அப்ப வந்து நிக்கிறாரு."

வீரமுத்துவின் பிடி தளர்ந்தது.

"அக்கா சந்தோசமா இருந்திச்சி. அதான் நான் சொல்லல" என்றான் முனியன், குரலை இறக்கி.

காய்த்துப் போன அந்தக் கை போய்விடவில்லை. வீரமுத்துவின் விரல்களைத் தேடி எடுத்து, டோலக்கின் மேல் கொண்டுபோய் வைத்தது. பிறகு மறுபடியும் ஸ்பீக்கர் மேல் போய் அமர்ந்துகொண்டது. அவர் காத்திருந்தார்.

வீரமுத்து மெல்லத் தட்டினான். கீபோர்டு சேர்ந்துகொண்டது. விட்ட சரணத்தை எடுக்க வேண்டிய இடம் வந்தது. மலர்விழி எடுக்கவில்லை. இன்னொரு சுற்று வாசித்தான். அப்போதும் எடுக்கவில்லை.

மைக் இன்னும் அவள் வாய்க்கு அருகில்தான் இருந்திருக்க வேண்டும். அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது.

"அப்ப எம் பாட்ட அவுரு ஒரு நாளும் கேக்கலியா?"

வீரமுத்து இன்னும் கொஞ்சம் ஓங்கி வாசித்தான்.