தொட்டி ஆபீஸுடையது

மாலை ஐந்து நாற்பது. இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த மேசையை அவள் காலி செய்கிறாள். ஆள்குறைப்பு. ஆறு மணிக்கு அடையாள அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பது அவள் ஒற்றைத் துண்டிலிருந்து வளர்த்த முள்ளில்லாத கள்ளிச்செடி. வருடக் கடைசி விடுமுறையை ஒட்டிப் பூக்கும். தொட்டியில் அலுவலகச் சொத்துப் பட்டியலின் எண் ஒட்டியிருக்கிறது.

"லிஸ்ட்ல இருக்கறது வெளிய போகக்கூடாதும்மா," என்கிறார் சாமான்களைச் சரிபார்க்க வந்த ஸ்டோர்காரர்.

"என்னை லிஸ்ட்ல போட்டுத்தானே வெளிய அனுப்பறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "ரெண்டு துண்டு கிள்ளிக்குங்க. நான் பாக்கல."

அவள் கணுவைப் பிடித்துத் திருகுகிறாள். மூன்று இலை நீளத்துக்கு ஒரு துண்டு கையோடு வருகிறது, பிறகு இன்னொன்று. ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும், முனை இரண்டு நாள் காய வேண்டும். செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைக்கிறாள். இந்த அறையில் இரவெல்லாம் விளக்கு எரியும். நீண்ட இருட்டு இல்லாமல் இந்தச் செடி மொட்டு வைக்காது. அதனால் வருடா வருடம் இந்த மாதங்களில், வீட்டுக்குப் போகும்போது அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். இப்போது அந்தப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் குப்பைக்கூடையில் செருகுகிறாள்.

அவளிடம் ஆறு மாதம் வேலை கற்றுக்கொண்ட பெண், நாளை முதல் இந்த மேசைக்காரி, வந்து தொட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறாள்.

"செடிய நான் நல்லாப் பாத்துக்கறேங்க்கா. பூக்கறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"