காதேஷில் ஜெயித்தது யார்

“எகிப்து மன்னன் தன் நாட்டுக் கோயில் சுவர்களில், கமா, காதேஷ் போரில் தானே வென்றதாகச் செதுக்கி வைத்தான், முற்றுப்புள்ளி” என்று வாசித்தான் என் புருஷன்.

தட்டினேன்.

“எதிர்த்துப் போரிட்ட ஹிட்டைட்டு மன்னனும் தன் நாட்டில் தானே வென்றதாக எழுதி வைத்தான், முற்றுப்புள்ளி.”

அதையும் தட்டினேன். இரண்டு பேருக்கும் நல்ல வக்கீல் அமைந்திருக்கிறார் போல.

பதிப்பகத்தின் பின்னறை. ஒரு மேஜை, ஒரு கணினி, எதிரெதிரே இரண்டு நாற்காலி. பேராசிரியர் ஒருவர் சாதாரண ஜனங்களுக்கு என்று உலக வரலாற்றைப் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இவன். இங்கே வேகமாகத் தட்டச்சு செய்கிற ஒரே ஆள் நான். விவாகரத்து வழக்கு நடக்கிறது என்பதற்காக எங்களைப் பிரித்து உட்கார வைக்க முதலாளிக்கு வேறு ஆளும் இல்லை, வேறு அறையும் இல்லை. அதனால் சுமேரியாவிலிருந்து இவன் வாசிக்கிறான், நான் தட்டுகிறேன்.

ஆனால் புத்தகத்தில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. மற்றதெல்லாம் வக்கீல் மூலம்தான். நான் போட்ட சட்டம் அது. இவன் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குரலிலேயே நைல் நதியில் வெள்ளம் வந்து, பாபிலோனில் மதில் எழும்பி, எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து.

இன்று மதியம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று நீதிபதி எங்கள் பாப்பாவையே நேராகக் கேட்கப்போகிறார். விவரம் தெரிந்த வயது, அவள் சொல்வதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார் என்று என் வக்கீல் சொல்லிவிட்டார்.

எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. காய்ச்சல் வந்தால் அவள் யாரைத் தேடுவாள்? இவனிடம் மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் விட்டத்தைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் சொல்வான். இந்த வாரம் இவன் முறை, பிள்ளை அங்கே இருக்கிறாள். புது ஃபோன் வாங்கிக் கொடுத்து மயக்கப் பார்த்திருப்பான். நல்லா வாங்கிக் கொடுக்கட்டும். அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே என் பேரைத்தான் சொல்வாள்.

“போருக்குப் பிறகு...” என்று நிறுத்தினான்.

காத்திருந்தேன். செருமினான். படித்த வரியையே திரும்பப் படித்தான். பிறகு ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவினான், மறுபடி மேலே வந்தான்.

காலையிலிருந்து இதே கூத்துதான். மூச்சு விடாமல் பக்கம் பக்கமாக வாசிக்கிறவன் இன்று ஒரு பத்தியைத் தாண்டுவதற்குள் என் உயிரை எடுக்கிறான். எனக்குப் புரியாதா என்ன? இந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருக்கிறார். இழுத்தடித்தால் இவனும் தாமதமாகத்தான் வருவான். ஆனால் அப்பன் தாமதமாக வந்தால் பாவம், வேலை. அம்மா தாமதமாக வந்தால் அக்கறை இல்லாதவள்.

ஸ்பேஸ் பாரை ஓங்கித் தட்டினேன். மேஜை ஆடியது. எங்கள் சண்டை இப்போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

“பல ஆண்டுகள் கழித்து இருவரும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், முற்றுப்புள்ளி. எதிரிதான் முதலில் இறங்கி வந்தான் என்று இரண்டு நாட்டுப் பிரதிகளும் சொல்கின்றன, முற்றுப்புள்ளி.”

வேகமாகத் தட்டினேன். இறங்கி வருகிற ஜாதி இல்லை நான்.

அவன் காகிதத்தை இன்னும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். அதே வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“அவள் இரண்டு பேரோடும் இருக்க விரும்பவில்லை, முற்றுப்புள்ளி. தன்னை விடுதியில் சேர்த்துவிடச் சொல்கிறாள், முற்றுப்புள்ளி. இன்று நீதிபதியிடமும் அதையே சொல்லப்போகிறாள், முற்றுப்புள்ளி.”

தட்டி முடித்துவிட்டேன். காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடுகிற பிழைப்பு இது. எந்த நாட்டு இளவரசி இவள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு திரையைப் பார்த்தேன்.

அவன் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டான். நான் போட்ட சட்டத்தை நானே உடைத்தேன்.

“ஏனாம்?”

“யார் பேரைச் சொன்னாலும், ஜெயிச்சவங்க அதைச் சொல்லிச் சொல்லியே இன்னொருத்தரைக் கொன்னுடுவாங்களாம்” என்றான். “உன்கிட்ட சொல்ல பயமா இருக்குன்னு காலைல என்கிட்ட அழுதா.”

என்னென்னவோ கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இது நீ சொல்லிக் கொடுத்தது, உன் வக்கீல் சொல்லிக் கொடுத்தது என்று. கத்துவதற்குப் பதில் திரையில் இருந்த அந்த மூன்று வரியை மறுபடி படித்தேன்.

தீர்ப்பு வந்ததும் நீதிமன்ற வாசலில் வைத்து இவனிடம் சொல்வதற்கு நான் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்டால் ஜென்மத்துக்கும் தூங்க முடியாத நாலு வாக்கியம்.

போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. இன்னும் கொஞ்சம் காரமாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

திரும்பினால், பாப்பா தட்டை வைக்க வந்து நின்றுகொண்டிருந்தாள்.